ஏழாம் எண் பாட்டில்

அக்கா,

போன வாரம் ஆபீஸ் நண்பர் ஒருவரின் பிரிவு உபசாரத்துக்காக டேங்ராவில் ஒரு சீனச் சாப்பாட்டுக் கடைக்குப் போயிருந்தோம். மேஜைக்கு மேஜை ஒரு சின்னக் கிண்ணத்தில், வினிகரில் ஊறிய பச்சைமிளகாய் வைத்திருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர் உபசாரமாக அதை என் பக்கம் நகர்த்தினார். அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காரம் ஆகாதா என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு, எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும்வரை உங்களை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் போய்விட்டீர்கள் என்று உங்கள் வீட்டு அண்ணன் கார்டு போட்டு இரண்டு மாதம் ஆகிறது. துக்கம் விசாரித்து அவருக்கு முறையாகப் பதில் எழுதினேன். உங்களைப் பற்றி நல்லதாக நாலு வரி அதில் இருந்தது. என் மனத்தில் இருந்தது ஒரு வரிகூட இல்லை. அதை அவருக்கு எழுத முடியாது, உங்களுக்குத்தான் எழுத வேண்டும்.

கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமை அலுவலகத்துக்குப் பின்தெரு வீடு. கீழே நீங்கள், மாடியில் நானும் ஜெயாவும். அண்ணன் ரயில்வேயில் கணக்கு இன்ஸ்பெக்டர் என்பதால் மாதத்தில் பாதி நாள் வெளியூர் லைனில் இருப்பார். உங்கள் பையன்கள் இரண்டு பேரும் பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத ஜெயாவுக்கு மீன்காரியிடம் “நாங்கள் வாங்க மாட்டோம்” என்று பெங்காலியில் சொல்லக் கற்றுக்கொடுத்ததே நீங்கள்தான். அதற்காகவே உங்களைப் பிடித்துப்போயிற்று அவளுக்கு.

நான் தேயிலை ஏலக் கம்பெனியில் ருசி பார்ப்பவன் என்று சொன்னபோது நீங்கள் நம்பவில்லை. வரிசையாக வைத்த கோப்பைகளில் ஸ்பூனை விட்டுச் சத்தமாக உறிஞ்சி, நாக்கில் ஒரு சுற்று சுற்றி, துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர்வதுதான் வேலை என்று விளக்கினேன்.

“டீயக் குடிச்சித் துப்புததுக்கா சம்பளம் குடுக்கான்?” என்று கேட்டீர்கள். “எங்க வீட்டுக்காரர் முழுங்குதாரு, ஒரு பைசா தர ஆளில்ல.”

உங்களுக்கும் ஒரு ருசிப் பைத்தியம் இருந்தது. துர்கையை ஆற்றில் கரைத்த மறுநாள் நியூ மார்க்கெட்டுக்குப் போய் உலர்ந்த திராட்சை வாங்கி வருவீர்கள். கழுவி, துணியில் காயவைத்து, பொடியாக நறுக்கி, பெரிய பீங்கான் ஜாடியில் சர்க்கரையும் ஆறவைத்த வெந்நீரும் ஒரு பிடி கோதுமையும் கொஞ்சம் ஈஸ்ட்டும் சேர்த்து, வாயில் வேட்டித் துணியைக் கட்டுவீர்கள். அன்றிலிருந்து மூன்று வாரத்துக்குக் காலையிலும் சாயங்காலமும் மரக்கரண்டியால் கிண்டிவிட வேண்டும். நுரைக்க நுரைக்கத் திராட்சை மேலே மிதந்து வந்து ஒரு மூடி மாதிரி நிற்கும். அதை அமுக்கி உள்ளே தள்ள வேண்டும்.

“மேலயே கெடந்தா காத்துப் பிடிச்சிரும் தம்பி. காத்துப் பிடிச்சா அப்புறம் ஒயினு இல்ல, காடி” என்பீர்கள். ஜெயா ஒரு நாள் ஆசையாகக் கரண்டியை எடுத்தபோது பிடுங்கி வைத்துவிட்டீர்கள். கை மாறினால் ஆகாது என்பது உங்கள் கட்சி. கிறிஸ்துமஸுக்குச் சபைக்காரர்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் ஆளுக்கு ஒரு சின்ன கிளாஸ். சைவக்காரனான எனக்கு முதல் தடவை ஸ்பூனில்தான் கொடுத்தீர்கள், மருந்து என்று நினைத்துக் குடிக்கச் சொல்லி. கிராம்பு வாசனையோடு சுத்தமாக இறங்கியது. தொழில் புத்தியில் அதைத் துப்பத் தோன்றவில்லை என்பதே நான் உங்களுக்குக் கொடுத்த முதல் பாராட்டு.

ஆனால் உங்கள் கண் ரயில்வே கிளப்பின் கிறிஸ்துமஸ் ஒயின் போட்டி மேல் இருந்தது. வீட்டில் போட்ட ஒயின் மட்டும்தான் அங்கே சேர்த்தி. சேருகிறவர்களில் முக்கால்வாசி ஆங்கிலோ இந்தியப் பெண்கள். ஜெயித்தவர் பெயரைக் கிளப் கூடத்தில் ஒரு மரப்பலகையில் தங்க எழுத்தில் எழுதுவார்கள். நீங்கள் வருஷா வருஷம் பாட்டிலைக் கொண்டுபோவீர்கள், மூன்றாவது வருவீர்கள், ஒரு தடவை இரண்டாவது. உங்களுடையதை அவர்கள் “மெட்ராசி டானிக்” என்று சொல்லிச் சிரிப்பதைச் சிரித்துக்கொண்டே எங்களிடம் சொன்னீர்கள். அப்புறம் சிரிப்பு நின்றது.

“ஒத்தத் தடவ எம்பேரு அந்தப் பலகையில ஏறிட்டாப் போதும், தம்பி. பொறவு கரையான் அரிச்சாலும் கவலயில்ல.”

அந்த வருஷம் அண்ணனுக்குப் பிலாஸ்பூர் மாற்றல் வந்தது. ஜனவரியில் கிளம்ப வேண்டும். ஆகவே உங்களுக்கு அதுதான் கடைசிப் போட்டி. அது எனக்கு நன்றாகத் தெரியும் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன், தெரியாமல் நடந்தது என்று நான் ஒளிந்துகொள்ளாமல் இருக்க.

பூஜை முடிந்ததும் நான் தேயிலைத் தோட்டங்களைப் பார்க்க டூவார்ஸ் பக்கம் போனேன். தலைப்பிரசவத்துக்கு ஜெயாவை ஊருக்கு அனுப்ப டிக்கெட் எடுத்து வைத்திருந்தோம். குழந்தை அந்த டிக்கெட்டை மதிக்கவில்லை. ஒன்றரை மாதம் முன்னதாகவே அவளுக்கு வலி எடுத்துவிட்டது. மழையில் ரயில்பாதை உடைந்து நான் அங்கேயே மாட்டிக்கொண்டேன், அண்ணன் வழக்கம்போல லைனில். குறைமாதக் குழந்தையை வைத்துப் பார்க்க வசதி நகரத்தின் வடகோடியில் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில்தான் உண்டு என்று பக்கத்து ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியதும், முழங்கால் தண்ணீரில் ரிக்‌ஷாவைப் பிடித்து அவளை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள். பிறகு டிராமும் ஓடவில்லை. மழை நின்றால் பந்த். ஜெயாவுக்கு ரத்தம் நிற்கவில்லை, யாராவது கூடவே இருந்தாக வேண்டும் என்றார்களாம். நான்கு நாள் நீங்கள் அந்த வராந்தாவில் படுத்திருந்தீர்கள். நான் வந்து சேர்ந்தபோது, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று கட்டியிருந்த அதே சேலையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள்.

“பொம்பளப் புள்ள. எலிக்குஞ்சு மாதிரி இருக்கா. பயப்படாண்டாம், தாயும் பிழைச்சிட்டா, புள்ளையும் பிழைச்சிட்டா” என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வேகமாகக் கிளம்பினீர்கள். இவ்வளவு அவசரம் எதற்கு என்று நான் யோசிக்கவில்லை. குளித்து உடை மாற்றப் போகிறீர்கள் என்று நினைத்தேன்.

டிசம்பரில் கிளப் செக்ரட்டரி என்னைத் தேடி வந்தார். பழைய நடுவர் ஒருவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய்விட்டாராம். “உங்களைப் போலத் துப்புகிற ஆள்தான் எங்களுக்கு வேண்டும். போன வருஷம் நடுவர்கள் கடைசி பாட்டிலுக்கு வந்தபோது பாடிக்கொண்டிருந்தார்கள்” என்றார். உங்களைக் கேட்காமல் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று கீழே இறங்கி வந்து கேட்டேன். பேஷாகச் செய்யுங்கள் என்றீர்கள்.

“உங்க பாட்டில் எனக்குத் தெரிஞ்சுடுமே அக்கா. தெரிஞ்சுண்டே மார்க் போட்டா அது நியாயமில்லையே.”

“தெரியாது, தம்பி” என்றீர்கள். அடுப்பைப் பார்த்துக்கொண்டு, “இந்த வருசம் தெரியாது” என்றும் சொன்னீர்கள். கேலி செய்கிறீர்கள் என்று நினைத்து மாடி ஏறிப் போய்விட்டேன்.

போட்டி நடந்த விதத்தை அன்று உங்களிடம் கோவையாகச் சொல்ல வாய்க்கவில்லை. ஒரு பின் அறை, வெள்ளைத் துணி விரித்த மேஜை. பாட்டில்களைக் கழுத்துவரை செய்தித்தாளில் சுற்றி எண் ஒட்டியிருந்தார்கள். நடுவர்கள் மூன்று பேர். ஒருவர் மிசஸ் பேட்டர்சன். பலகையில் நாலைந்து தடவை பெயர் ஏறியதால் இனிப் போட்டியிடக் கூடாது என்று நடுவராக உட்கார வைக்கப்பட்ட கிழவி. இன்னொருவர் ரயில்வே ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர்பாபு. மூன்றாவது நான். நிறத்துக்கு, வாசனைக்கு, ருசிக்கு என்று தனித்தனியாக மார்க். கிழவி கிளாஸை வெள்ளைக் கைக்குட்டைக்கு முன்னால் பிடித்து நிறம் பார்த்தாள். நான் வழக்கம்போல உறிஞ்சித் துப்பியதும், இருபது வருஷமாக இந்த அறையில் இப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டாக்டர்பாபு எதையும் துப்பவில்லை. துப்பாததால் அவருடைய மார்க் பாட்டிலுக்குப் பாட்டில் தாராளமாகிக்கொண்டே போயிற்று.

மூன்றாம் எண்ணைச் சுவைத்தபோது எனக்குள் ஒரு மணி அடித்தது. கிராம்பு. சுத்தம். அக்காவுடையது இதுதான் என்று முடிவு கட்டினேன். உங்கள் பாட்டில் தெரிந்துவிட்டால் எழுந்து போய்விடுவதாக உங்களிடம் வீம்பு பேசாமல் இருந்தது நல்லதாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். உள்ளபடி போட்டாலே நிறைய மார்க் வரும், கூட்டிப் போட வேண்டியதில்லை என்று மனச்சாட்சிக்குச் சமாதானம் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

மூன்று பேர் மார்க்கையும் கூட்டிப் பார்த்தால் மூன்றும் ஏழும் முதலிடத்தில் சமமாக நின்றன. ஏழாம் எண் கருஞ்சிவப்பு. கருக்கிய சர்க்கரையும் பட்டையும் தூக்கலாக இருந்த ஒயின். டாக்டர்பாபுவுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. கிழவி இரண்டுக்கும் நடுவில் ஊசலாடினாள். மூன்று உங்களுடையது, ஏழு உங்கள் எதிரி.

வரிசையை மாற்றி இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன். சொன்ன காரணத்தில் பிழை இல்லை. புளிப்பான ஒயினுக்குப் பின்னால் வருவது தன் புளிப்பை மறைத்துக்கொள்ளும், தேயிலையிலும் அப்படித்தான். முதல் சுற்றில் ஏழுக்கு முன்னால் இருந்த ஆறு வெறும் புளிப்பு. இந்தத் தடவை தித்திப்பான ஒன்றை முன்னால் வைத்து ஏழைக் கொடுக்கச் சொன்னேன். பட்டைக்கும் கருக்கலுக்கும் அடியில், மெல்லிசாக, காடிப் புளிப்பு தெரிந்தது.

நான் கெட்டிக்காரனாக ஆன நிமிஷம் அது. இது மசாலா அல்ல, மறைப்பு என்றேன். மிதந்து நின்ற திராட்சையை யாரும் அமுக்கிவிடவில்லை, குறைந்தது மூன்று நான்கு நாள் ஜாடியைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்றேன். இத்தனையும் நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. நீங்கள் சொன்ன வார்த்தைகளை வைத்தே பேசினேன். டாக்டர்பாபு, “நமக்கென்ன அதைப் பற்றி, கிளாஸில் இருப்பது நன்றாயிருக்கிறதே” என்று முனகினார். விடவில்லை. கடைசியில் கிழவி ஏழைச் சுவைத்துப் பார்த்து, தலையை ஆட்டி, மார்க்கைக் குறைத்தாள். ஏழு சறுக்கி ஐந்தாம் இடத்துக்குப் போயிற்று.

ஒவ்வொரு பாட்டிலுக்கும் நடுவர் குறிப்பு எழுத வேண்டும். ஏழுக்கு நானே எழுதுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

கூடத்தில் எப்படி என்பது உங்களுக்குத் தெரியும். கடைசி இடத்திலிருந்து ஒவ்வொரு எண்ணாகச் சொல்லி, குறிப்பை வாசிப்பார்கள். அந்த பாட்டிலைக் கொண்டுவந்தவர் மேடைக்கு வந்து, சுற்றியிருக்கும் செய்தித்தாளைத் தானே கிழித்து, பாட்டிலைக் காட்ட வேண்டும். அதுவரை யாருடையது என்று யாருக்கும் தெரியாது. நான் ஜெயா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், மடியில் குழந்தை. நாலு வரிசை முன்னால் நீங்கள். மூன்றாம் எண் வரும்போது உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காகக் கழுத்தை நீட்டி வைத்துக்கொண்டிருந்தேன்.

செக்ரட்டரி என் குறிப்பை நல்ல குரலில் வாசித்தார். “ஏழு. இந்த ஜாடியை வைத்தவருக்கு நாலு நாள் அதைத் திரும்பிப் பார்க்க நேரம் இருக்கவில்லை. தன் அசிரத்தையைச் சர்க்கரையைக் கருக்கி மூடப் பார்த்திருக்கிறார்.” கூடம் சிரித்தது. நானும் சிரித்தேன், அக்கா.

நீங்கள் எழுந்து நடந்தீர்கள்.

வழி தவறி எழுந்துவிட்டீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். மேடையில் ஏறி, தாளைக் கிழித்து, மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, பாட்டிலை எல்லாருக்கும் தெரிகிறமாதிரி உயர்த்திக் காட்டினீர்கள். முறைப்படி ஒரு சின்ன வணக்கமும் வைத்தீர்கள். பக்கத்தில் ஜெயா என் கையைப் பிடித்தாள்.

“நாலு நாள்” என்றாள். “அந்த நாலு நாள் ஜாடிய யாரு பாத்திருப்பா?”

மூன்றாம் எண்ணின் தாளை யாரோ ஒரு பெண் கிழித்தாள். கை தட்டினார்கள். அவளும் கிராம்பு போடுகிறவள், அவ்வளவுதான்.

வீட்டுக்கு நடந்துதான் வந்தோம். பேச்சை நீங்களே ஆரம்பித்தீர்கள்.

“எப்படித் தம்பி கண்டுபிடிச்சிய? நாலு நாளுன்னு கணக்காச் சொல்லிட்டியளே. பட்டையெல்லாம் அள்ளிப் போட்டு வச்சிருந்தேன்.”

நாளைக்கே செக்ரட்டரியிடம் போய் நடந்ததைச் சொல்லி அந்தக் குறிப்பை மாற்றச் சொல்கிறேன் என்றேன். நீங்கள் நின்றுவிட்டீர்கள்.

“அதெல்லாம் வேண்டாம். பாட்டில்ல என்ன இருக்கோ அதுக்குத்தான் மார்க்கு. ஏன் அப்படி ஆச்சுன்னு வீடு வீடாக் கேட்டுக்கிட்டு இருந்தா அது போட்டியா? எனக்கே தெரிஞ்சிதான குடுத்தேன். யாருக்கும் தெரியாதுன்னு ஒரு நப்பாச.”

அப்போது மூன்றாம் எண் கதையையும் சொல்லிவிட்டேன். அதை உங்களுடையது என்று நினைத்துத்தான் ஏழோடு மல்லுக்கு நின்றேன், இல்லாவிட்டால் டாக்டர்பாபு சொன்னதற்குத் தலையாட்டியிருப்பேன் என்று.

நீங்கள் மறுபடி நடந்தீர்கள். பிறகு, “அப்ப என்ன ஜெயிக்கவைக்கத்தான் என்னத் தோக்கடிச்சியளாக்கும்” என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தீர்கள். ஜெயாவும் சிரித்தாள். படிக்கட்டு வந்ததும் நாங்கள் மேலே ஏறினோம். திரும்பிப் பார்த்தேன். சாவியைக் கதவில் போட்டுவிட்டு, திறக்காமல், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். சிரித்ததில் வந்த கண்ணீர் என்று நினைத்துக்கொள்ள எவ்வளவோ முயன்றிருக்கிறேன்.

ஜனவரியில் ஹௌராவில் வண்டி ஏற்ற வந்தோம். எலிக்குஞ்சு அதற்குள் கொஞ்சம் தேறி, மூக்கும் முழியுமாக இருந்தது. ஜன்னல் வழியாகக் கை நீட்டி அவளை வாங்கி, விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மிசஸ் பேட்டர்சன் மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தீர்கள்.

“நான் இந்த வருசம் போட்டது இது ஒண்ணுதான், தம்பி. எத்தன மார்க்கு போடுவிய?”

வண்டி நகரப் போகிறது என்று அண்ணன் குழந்தையை வாங்கிக் கொடுத்தார். அதன்பிறகு எத்தனையோ கிறிஸ்துமஸ் வாழ்த்துகள் எழுதிக்கொண்டோம். நீங்கள் எதிலும் ஒயினைப் பற்றி எழுதவில்லை. பிலாஸ்பூரில் ஜாடி போட்டீர்களா என்று நானும் கேட்கவில்லை.

அடுத்த வருஷமும் செக்ரட்டரி வந்து கூப்பிட்டார். போகவில்லை. கோப்பைகளோடு இருக்கும் பிழைப்பை விட முடியாது. இப்போது என் கீழே நான்கு பையன்கள் வேலை கற்றுக்கொள்கிறார்கள். ஒரு தேயிலை கெட்டிருந்தால் அசிரத்தை, கவனக்குறைவு என்று சுலபமாக எழுதிவிடுகிறார்கள். அடித்துவிட்டு, புளிப்பு என்று எழுது, புகை வாடை என்று எழுது, அதற்குமேல் உனக்கு எதுவும் தெரியாது என்கிறேன். கிழவனுக்குத் தோட்டத்து மேனேஜர்கள் மேல் பயம் என்று என் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும்.

அண்ணனின் கார்டு வந்த அன்றைக்கு மகளிடம் முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குத் தமிழைவிடப் பெங்காலிதான் சரளம், ஆனாலும் அழுவதற்கு இன்னும் தமிழ்தான். அழவில்லை. ரொம்ப நேரம் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

“அப்போ அந்த மாஷி தோத்துப்போனது என்னாலயாப்பா?”

இல்லம்மா, என்னால் என்றேன்.

“நீ டேஸ்ட் பண்ணினதத்தானே சொன்னே? நான் கரெக்டா டிசம்பர்ல பொறந்திருந்தா அவங்க ஜாடிய கிண்டியிருப்பாங்க இல்ல?”

நீங்களாக இருந்தால் ஏதாவது கேலி பேசி அந்த இடத்திலேயே அவளைச் சிரிக்க வைத்திருப்பீர்கள். அவள் எழுந்து போய்த் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். இத்தனை வருஷமாக நான் ஒருவன் சுமந்ததில் பாதியை அன்று அவள் தலையில் ஏற்றிவிட்டேன், அக்கா.